பால் இல்லாத பால் சர்க்கரை

லேப்காரிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. “பேய்க்கு மூத்திரம் வராது. அதனால அதுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல” என்று சொல்லிச் சிரிப்பாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே லேப்காரிதான். கீழ்த்தளத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் அவள் புருஷனுக்கு மருந்துக்காரர் என்று பெயர். ஒருத்தி நோயைக் கண்டுபிடிக்க, ஒருத்தர் மருந்தை மடித்துக் கொடுக்க, குடும்பமே சேர்ந்து கடை விரித்திருக்கிறது என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள். இருவருக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மட்டும் யாரும் கேலி செய்வதில்லை.

அவளுடைய தங்கை சின்னவள் இரண்டாவது பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. சின்னவளின் புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறவன். வருடத்தில் முக்கால்வாசி தண்ணீரில்தான். முதல் பிள்ளை அவர்கள் வீட்டில் பிறந்து அங்கேயே போய்விட்டது. பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தானாம். ஆசை ஆசையாகப் பால் குடித்தானாம். கொஞ்ச நாளில் உடம்பு மஞ்சளாகி, குடித்ததையெல்லாம் கக்கி, வயிறு வீங்கி, ஒரு காலையில் அசையாமல் கிடந்தான். ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இந்தப் பிள்ளையையாவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், அக்காவின் கண்ணெதிரில் பெற்றுக்கொள்ளலாம் என்று வந்தாள்.

பொடியன் பிறந்தான். கொழுகொழுவென்று இருந்தான். ஆசை ஆசையாகப் பால் குடித்தான். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய லேப்காரி, தினமும் பிள்ளையின் தோலை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாள்.

பிறகு மஞ்சள் வந்தது. அதற்குப் பின்னால் கக்கல் வந்தது. சின்னவள் அழவில்லை. படித்த பாடத்தை ஒப்பிக்கிறவள் மாதிரி, அடுத்தது என்ன என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் கண்ணு வெளுக்கும் பாருக்கா. மூத்தவனுக்கும் அப்படித்தான் ஆச்சு. பால் கண்ணுக்கு ஏறிரும்.”

“வாயை மூடுடி.”

மறுநாள் காலையில் லேப்காரி பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண்ணின் கறுப்புக்கு நடுவே, இருட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விழுந்து கலங்கியது போல வெள்ளை தெரிந்தது.

பிள்ளையின் இடுப்புத் துணிக்குள் பஞ்சு வைத்து, நனைந்ததும் பிழிந்து எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினாள். சர்க்கரை பார்க்கும் காகிதப் பட்டையை முதலில் நனைத்தாள். நிறம் மாறவில்லை. இந்தக் காலத்து ஆட்கள் அத்தோடு கையைக் கழுவிவிடுவார்கள். ஆனால் அந்தப் பட்டைக்குத் தெரிந்தது ஒரே ஒரு சர்க்கரை, குளுகோஸ் மட்டும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் பழைய நீலக் கரைசல் அப்படியல்ல. கரும்புச் சர்க்கரை ஒன்றை விட்டுவிட்டால், பெரும்பாலான சர்க்கரைகளை அது காட்டிக்கொடுத்துவிடும். அதில் சில சொட்டுகளை விட்டுக் கொதிக்க வைத்தாள். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. கடைசியில் செங்கல்லை அரைத்துக் கொட்டியது போல அடியில் படிந்தது. சர்க்கரை இருக்கிறது, ஆனால் அது குளுகோஸ் இல்லை.

குழந்தை டாக்டர் அந்தக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பால்ல இருக்கிற சர்க்கரைக்கு லாக்டோஸ்னு பேரு. அது ரெண்டு சர்க்கரை சேர்ந்தது. குளுகோஸ் ஒண்ணு, காலக்டோஸ் ஒண்ணு. குடல்ல ரெண்டும் பிரியும். அந்த ரெண்டாவதை நம்ம உடம்பு மாத்தி எடுத்துக்கும். இவன் உடம்புக்கு அது பிறவியிலேயே முடியல. உள்ளேயே தேங்கி ஈரலைக் கெடுக்குது, கண்ணை மறைக்குது. பாலை நிறுத்தினாப் பொழைச்சுக்குவான், கண்ணும் தெளியலாம். ஆனா எந்தப் பாலும் கூடாது. முதல்ல தாய்ப்பால் கூடாது.”

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அதை இப்படி நேருக்கு நேர் கேட்க எந்தத் தாய்க்கும் வாய்க்கக் கூடாது. மூத்தவனைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை. சின்னவளும் கேட்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, யாரோ அடிக்க வருவது போலக் குறுகி உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை என்பதை லேப்காரி கவனித்தாள். கவனித்ததை உள்ளே தள்ளி மூடிவிட்டாள்.

வார்டில் பிள்ளை தேறினான். கரும்புச் சர்க்கரை கலந்த சோயா மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். இடையில் ஒருமுறை வலிப்பு வந்தது. அதற்கு ஊசி போட்டார்கள். லேப்காரி தினமும் காலையில் பஞ்சைப் பிழிந்து நீலக் கரைசலைக் கொதிக்க வைப்பாள். நீலம் நீலமாகவே இருந்தது. மஞ்சள் வடிந்து, பிள்ளை விரலைச் சூப்பத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதுப் பாட்டில், சோயா மாவு, கொதித்து ஆறிய தண்ணீர், ஊசிக்குப் பதில் வலிப்பு மருந்துப் பொடி என்று எல்லாவற்றையும் மருந்துக்காரரே பார்த்துப் பார்த்து வாங்கியும் மடித்தும் கொண்டுவந்து அடுக்கினார். பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளைச் சாமான் சேர்ந்ததில் மனுஷனுக்கு முகமே மாறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு கொதிக்க வைத்த முதல் குழாய் பச்சையானது.

லேப்காரி குழாயைக் கழுவிவிட்டு மறுபடியும் செய்தாள். மறுபடியும் பச்சை. மறுநாள் மஞ்சள். அதற்கு மறுநாள் செங்கல் நிறம். பிள்ளை பாட்டிலைத் தள்ளிவிட்டுச் சிணுங்கினான். அடங்கியிருந்த மஞ்சள் கண்ணோரத்தில் திரும்ப எட்டிப் பார்த்தது.

“யாரோ பால் கொடுக்கிறாங்க,” என்றாள் புருஷனிடம்.

“யாரோன்னா யாரு? வீட்டில இருக்கிறது நாம மூணு பேருதான்.”

இருவரும் ஒரே சமயத்தில் சின்னவளின் அறைக் கதவைப் பார்த்தார்கள்.

வீடு ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. கீழே பகல் முழுவதும் கண்ணாடி அறுப்பார்கள். அறுக்கும் ஊசி இழுபடும்போது வரும் கீச்சொலி, பசித்த பிள்ளை முதலில் விடுகிற குரல் மாதிரியே இருக்கும். இத்தனை வருடம் அது அவர்கள் காதில் ஏறியதில்லை. இப்போது ஒவ்வொரு கீச்சுக்கும் சின்னவள் திடுக்கிட்டு எழுந்திருப்பாள். எழுந்திருக்கும்போதே அவள் மேல்துணி நனைந்திருக்கும். பால் வற்ற மாத்திரை கொடுத்தாயிற்று, இறுக்கித் துணியும் கட்டியாயிற்று. இருந்தும் அந்தச் சத்தத்துக்குப் பால் இறங்கியது.

“பொடியன் அழல, அது கீழ கண்ணாடி,” என்பாள் லேப்காரி.

“பொடியன்னு நான் சொன்னேனா?” என்பாள் சின்னவள்.

லேப்காரி பிள்ளையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் உடன்பிறப்பு என்றெல்லாம் பார்க்காது. லேப்காரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தங்கையைப் பார்க்க ஆரம்பித்தாள். பிள்ளையின் வாயோரத்தை முகர்ந்து பார்த்தாள். தங்கையின் துணியைத் தொட்டுப் பார்த்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

“உண்மையைச் சொல்லுடி. மனசு கேக்காமக் கொடுத்தியா?”

“சத்தியமா இல்லக்கா.”

“அப்புறம் எப்படி மாறுது? வானத்துல இருந்தா குதிச்சுது?”

சின்னவள் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, மெல்ல, வேறு யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள். “நான் தூங்கும்போது எழுந்து போய்க் கொடுக்கிறேனோ? எழுந்திருச்சா எல்லாம் ஈரமா இருக்கு. யாரோ குடிச்ச மாதிரி வலிக்குது. எனக்குத் தெரியலக்கா. என் ரூமை வெளியே பூட்டிரு. பகல்லயும் பூட்டு. நான் கெஞ்சினாலும் திறக்காத.”

அக்காக்காரி என்ன செய்திருக்க வேண்டும்? அடி பைத்தியமே என்று கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவள் அன்றே கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தாள். அந்த அறைக்கென்று தனிக் குளியலறை இருந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் திறந்தார்கள். சாவியை லேப்காரி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளும் மருந்துக்காரரும் மாற்றி மாற்றிப் பிள்ளையோடு இருந்தார்கள். பாட்டிலும் அவர்கள் கையால்தான், மருந்தும் அவர்கள் கையால்தான். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவள் யாரோடோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்கும். “போதும்டா, போதும். தம்பிக்கு வேணாம்” என்று ஒருமுறை தெளிவாகவே கேட்டது.

பூட்டிய மறுநாளும் குழாய் செங்கல் நிறம்.

லேப்காரி பயந்தது அன்றுதான். தாய் பூட்டிய அறைக்குள். பால் வேறு எங்கும் இல்லை. காப்பிக்குக்கூடப் பால் வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் இந்த வீட்டில் யாரோ, எப்போதோ, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறார்கள். பேய்க்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று சிரித்தவள், பிள்ளை தூங்கும் அறைக்குள் நுழையுமுன் கனைத்துவிட்டு நுழையத் தொடங்கினாள். உள்ளே இருப்பது எதுவானாலும் அது விலகிப் போக அவகாசம் கொடுக்கிறாள் என்பது அவளுக்கே புரிந்தது. புரிந்ததும் அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்ததால் கனைப்பதை நிறுத்தவில்லை.

பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தான். எடை பார்க்க வேண்டும் என்று ஒரு மதியம் வார்டுக்குத் தூக்கிப் போனாள். சின்னவள் வீட்டில், பூட்டுக்குள் இருந்தாள். வார்டு நர்ஸிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு லேபுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பையில் பிள்ளையின் ஆகாரமும் அதைப் புகட்டும் சாமான்களும் இருந்தன. பாட்டிலைக் கழுவிய நீர், கரைத்த சோயா, கொதித்த தண்ணீர், வாய் துடைக்கும் துணி, மருந்து கரைக்கும் சின்னக் கரண்டி. ஒவ்வொன்றையும் நீலக் கரைசலில் விட்டுக் கொதிக்க வைத்தாள். சோயா மாற்றவில்லை. தண்ணீர் மாற்றவில்லை. துணி மாற்றவில்லை. கரண்டியை அலசிய நீர் பச்சை, மஞ்சள் எதிலும் நிற்காமல் ஒரே ஓட்டமாகச் சிவந்தது.

சின்னவள்தான் கரண்டியில் பாலைப் பீய்ச்சிக் கொடுத்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தாள். அந்த நிமிஷத்தில் சின்னவள் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பாள். பால்தானா என்று பார்க்க இன்னொரு குழாயில் ஒரு சொட்டு அமிலம் விட்டாள். பால் இருந்தால் திரிய வேண்டும். தெளிந்த தண்ணீராகவே நின்றது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பால் இருந்தால் கொழுப்புக் குமிழிகள் மிதக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

சர்க்கரைகளை ஆளடையாளம் காட்டும் பழைய சோதனை ஒன்று உண்டு. பீனைல் ஹைட்ரசீன் என்ற மருந்தைச் சேர்த்து, கொதிநீரில் நெடுநேரம் வைத்து, பிறகு அவசரப்படாமல் ஆறவிட வேண்டும். கொதியிலோ ஆறும்போதோ படிகங்கள் பிறக்கும், ஒவ்வொரு சர்க்கரைக்கும் ஒவ்வொரு உருவத்தில். குளுகோஸ் துடைப்பக்கட்டு மாதிரி வரும். லேப்காரி குழாயைத் தாங்கியில் நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வார்டிலிருந்து பிள்ளையின் சிணுங்கல் வந்தது. பிறகு அதுவும் நின்றது. குழாய் ஆறியது. தெளிவாக இருந்த நீருக்குள், யாரும் தொடாமல், மஞ்சளாக ஏதோ திரள ஆரம்பித்தது. தகட்டில் வைத்துப் பார்த்தாள். உடம்பெல்லாம் முள்ளை விரித்துச் சுருண்ட முள்ளம்பன்றிகள், பார்க்குமிடமெல்லாம்.

பால் சர்க்கரை. பாலின் கொழுப்பு இல்லை, பாலின் புரதம் இல்லை. பாலே இல்லாத பால் சர்க்கரை. உடம்பை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு உயிர் மட்டும் வந்து பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் போயிருக்கிறது. லேப்காரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். அப்படி முட்டியபோது தலைக்கு நேர் மேலே அலமாரி. அலமாரியில் கிருமி வளர்க்கும் கூழ் தயாரிக்க வைத்திருக்கும் வெள்ளைப் பொடி டப்பா. அதன் மேல் அவள் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது: லாக்டோஸ்.

பால் இல்லாமல் பால் சர்க்கரை இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக இன்னொருவருக்குத் தெரியும். படிகளில் இறங்கினாள் என்று சொல்ல முடியாது, உருண்டாள்.

மருந்துக்காரர் கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, பொடியனோட மருந்துப் பொடியில என்ன இருக்கு?”

“வலிப்பு மருந்துதான். ஏன்?”

“அது எவ்வளவு?”

“கடுகு அளவுகூட வராது. அவ்வளவு கொஞ்சத்தை எப்படி மடிச்சுக் கொடுக்கிறது? அதனால எடை சேர்க்க...” அவர் கை நின்றது. கல்வத்துக்குப் பக்கத்தில் பெரிய தகர டின் திறந்திருந்தது. எந்தப் பொடிக்கும் அதில் ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக் கலப்பதுதான் அவர் தொழில் பழக்கம். அது மருந்தில்லை என்பதால் சீட்டில் யாரும் எழுதுவதில்லை, டாக்டரும் நினைப்பதில்லை. உப்புப் போடுகிறவள் தண்ணீரைப் பற்றி யோசிப்பதில்லையே, அந்த மாதிரி.

“எடை சேர்க்க?” என்றாள் லேப்காரி.

அவர் டின்னில் ‘லாக்டோஸ்’ என்று ஒட்டியிருந்த பக்கத்தை அவளிடம் திருப்பினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “என் கையாலயே,” என்றார். “நேரம் தவறாம.”

வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது. ஆனால் லேப்காரிக்கு அப்போது அழுகை வரவில்லை, வெறி பிடித்தது போலச் சந்தோஷம்தான் வந்தது. பேய் இல்லை. தங்கை இல்லை. டாக்டரிடம் ஓடி மருந்தை மாற்றச் சொல்லி, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சின்னவளிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பூட்டைத் திறந்தாள். சின்னவள் கட்டிலில் சாய்ந்து, மடியின் மேல் கையை வளைத்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

“சத்தம் போடாதக்கா. இப்பத்தான் குடிச்சிட்டுத் தூங்கினான்.”

மடியில் ஒன்றும் இல்லை.

“யாருடி தூங்கினான்? பொடியன் இதோ என் தோள்ல இருக்கான். மத்தியானத்துல இருந்து ஆஸ்பத்திரியில இருக்கான்.”

சின்னவள் தோளில் இருந்தவனைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. “எனக்கு எல்லாம் ஞாபகம் வந்திருச்சு. நான்தான் கொடுத்தேன். வாய் வச்சதும் கண்ணை மூடிக்குவான். ஒரு கையால என் விரலைப் பிடிச்சுக்குவான். பூட்டினதுக்கப்புறமும் கொடுத்தேன். எப்படி வெளிய வந்தேன்னுதான் தெரியல.”

“நீ கொடுக்கலடி!” லேப்காரி கத்தியேவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, கரண்டி, முள்ளம்பன்றி, தகர டின் எல்லாவற்றையும் சொன்னாள். “நாங்கதான் கொடுத்தோம். உங்க மாமாவும் நானும். மருந்துன்னு நினைச்சு நாங்கதான் ஊட்டினோம். உன்னைச் சந்தேகப்பட்டேன், பூட்டி வச்சேன். என்னை நாலு அறை அறைஞ்சுரு. ஆனா நீ கொடுக்கல.”

சின்னவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். தலையாட்டினாள்.

“சரிக்கா. இவனுக்கு நீங்க கொடுத்தீங்க,” என்றாள். “மூத்தவனுக்கு?”

டாக்டர் அறையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அன்று உள்ளே தள்ளி மூடியது லேப்காரி மட்டுமில்லை, சின்னவளும்தான்.

“தெரியாமத்தானடி...”

“நீங்களும் தெரியாமத்தான் கொடுத்தீங்க. இவன் பொழைச்சுக்குவான்.” சின்னவள் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். “கதவைச் சாத்திட்டுப் போக்கா.”

மருந்து மாறிய பிறகு குழாய் ஒருபோதும் நிறம் மாறவில்லை. பொடியன் தேறினான், கண்ணும் மெல்லத் தெளிந்து வந்தது. பூட்டை லேப்காரி சாக்கடையில் வீசிவிட்டாள். மருந்துக்காரர் சின்னவளின் கதவுக்கு வெளியே நின்று பலமுறை மன்னிப்புக் கேட்டார். அவள் சாப்பிட வந்தாள், பேசினாள், சமயத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொள் என்று நீட்டினால் மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவாள்.

ஒரு காலையில் லேப்காரி நீலக் குழாயை ஒரு கையிலும் பிள்ளையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். “பாருடி, எப்படித் தெளிஞ்சிருக்கு பாரு.” உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கீழே கடை இன்னும் திறக்காததால் வீடு அமைதியாக இருந்தது. லேப்காரி கதவில் காதை வைத்தாள். உள்ளே சின்னவள் நடந்துகொண்டிருந்தாள். நடையோடு சேர்ந்து, பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் வர முதுகைத் தட்டிக் கொடுக்கும் சத்தம், மெல்ல, விடாமல் கேட்டது. பிறகு சின்னதாக ஓர் ஏப்பம்.

பொடியன் லேப்காரியின் கையில் வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தான்.